அச்சு ஒன்று, வில்லன் இரண்டு!

நியூயார்க் நகரத்துப் பாதாள ரயில், நெருக்கியடிக்கும் கூட்டம். ஜேப்படிக்காரன் ஒருவன் ஒரு பெண்ணின் கைப்பைக்குள் விரலை விட்டுப் பணப்பையை உருவிவிடுகிறான். உள்ளே இருந்தது பணம் மட்டுமல்ல. ஒரு சின்னஞ்சிறு பிலிம் துண்டு. அதிலே இருப்பது அமெரிக்க சர்க்காரின் ரகசியம். அதைத் தேடிப் போலீஸ் ஒரு பக்கம் அலைகிறது. கம்யூனிஸ்ட் உளவாளிகள் மறுபக்கம் அலைகிறார்கள். மிரட்டல், உதை, கொலை எல்லாம் நடந்து, கடைசியில் உளவாளி அகப்படுகிறான். 1953ல் சாமுவேல் ஃபுல்லர் டைரக்ட் செய்த 'பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்' என்ற குற்றப் படத்தின் கதை இது.

இந்தப் படம் பிரான்சு நாட்டுக்குப் போயிற்று. அங்கே அதற்கு 'போதைத் துறைமுகம்' என்று பெயர் சூட்டினார்கள். பெயர் மட்டுமா மாறியது? பிரெஞ்சுக் குரல் கொடுத்தபோது கம்யூனிஸ்ட் உளவாளிகள் அத்தனை பேரும் போதை மருந்து கடத்துகிறவர்களாகிவிட்டார்கள்! சர்க்கார் ரகசியம், போதை மருந்து செய்யும் சூத்திரமாகிவிட்டது. நடிகர்கள் அவர்களேதான். அதே முகம், அதே கோட்டு, அதே துப்பாக்கி, அதே உதை. மாறியது வாயிலிருந்து வரும் வசனம் மட்டும்.

அதற்கு முந்தின ஆண்டு, 1952ல், வார்னர் பிரதர்ஸ் கம்பெனி 'பிக் ஜிம் மக்லேன்' என்ற படத்தை வெளியிட்டது. ஹவாய்த் தீவுகளில் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடும் அதிகாரியாக ஜான் வேய்ன் அதில் நடித்தார். ஐரோப்பாவில் சில நாடுகளில் இந்தப் படம் 'மரிஜுவானா', அதாவது கஞ்சா, என்ற பெயரில் ஓடிற்று. அங்கே ஜான் வேய்ன் வேட்டையாடியது கஞ்சா வியாபாரிகளை!

ஏன் இந்த வேஷ மாற்றம்? அந்த ஆண்டுகளில் பிரான்சில் நாலு ஓட்டில் ஒரு ஓட்டு கம்யூனிஸ்டுகளுக்கு விழுந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரன் கம்யூனிஸ்ட். பட்டறையில் கூட நின்று வேலை செய்கிறவன் கம்யூனிஸ்ட். பிள்ளைக்குப் பாடம் சொல்லும் வாத்தியார் கம்யூனிஸ்ட். அவர்களைக் கொலைகாரர்களாகத் திரையில் காட்டினால் டிக்கெட் விற்குமா? வியாபாரிக்கு அந்தக் கணக்குத் தெரியாமலா இருக்கும்!

நாம் கேட்பது வேறொரு கேள்வி. ஒரு மனிதனை அவனுடைய வாழ்க்கையோடும் எண்ணத்தோடும் உண்மையாகப் படம் பிடித்திருந்தால், நாலு வசனத்தை மாற்றி அவனைக் கஞ்சாக் கடத்துகிறவனாக ஆக்கிவிட முடியுமா? முடியாது. இங்கே முடிந்திருக்கிறது. அப்படியானால் திரையில் நின்றவன் கம்யூனிஸ்டும் அல்ல, கடத்தல்காரனும் அல்ல. அவன் ஓர் அச்சு. வார்ப்படப் பட்டறைத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரும்பை ஊற்றினால் இரும்பு; பித்தளையை ஊற்றினால் பித்தளை. உருவம் ஒன்றேதான்!

அச்சை வார்த்தது யார்?

இது யாரோ ஒரு டைரக்டரின் கோணல் புத்தி என்று தள்ளிவிடலாமா? தள்ளிவிட முடியாது. அச்சு வார்த்த கதை ஊரறிந்த கதை.

1947 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் 'அமெரிக்க விரோத நடவடிக்கை விசாரணைக் கமிட்டி' ஹாலிவுட்காரர்களைக் கூண்டில் ஏற்றியது. 'நீ கம்யூனிஸ்ட் கட்சியில் இருக்கிறாயா, இருந்தாயா?' என்பது கேள்வி. பத்துப் பேர் பதில் சொல்ல மறுத்தார்கள். என் அரசியல் என் சொந்த உரிமை என்றார்கள். நாடாளுமன்ற அவமதிப்புக் குற்றம் சாட்டப்பட்டு, 1950ல் பத்துப் பேரும் சிறைக்குப் போனார்கள். அதற்கு முன்பே, 1947 நவம்பரில், பட முதலாளிகள் நியூயார்க்கின் வால்டார்ஃப் ஓட்டலில் கூடி, இந்தப் பத்துப் பேருக்கும் வேலை கிடையாது என்று அறிக்கை விட்டுவிட்டார்கள். கருப்புப் பட்டியல் பிறந்தது. எழுத்தாளர்கள், நடிகர்கள், தொழில்நுணுக்கக்காரர்கள் என்று நூற்றுக்கணக்கானவர்களின் பிழைப்பில் மண் விழுந்தது.

வேடிக்கை ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் கமிட்டியின் தலைவராக உட்கார்ந்து தேசபக்தி பேசிய பார்னல் தாமஸ், ஆபீசில் வேலை செய்யாதவர்கள் பெயரில் சம்பளம் எழுதிப் பணத்தைத் தானே வாங்கிக்கொண்ட குற்றத்துக்காகச் சிறை சென்றார். எந்தச் சிறை? அவர் விசாரித்து அனுப்பிய எழுத்தாளர் ரிங் லார்ட்னர் அடைபட்டிருந்த அதே டான்பரி சிறை!

அதே 1947ல் ஐன் ராண்ட் என்ற எழுத்தாளர், 'அமெரிக்க இலட்சியங்களைக் காக்கும் சினிமாக் கூட்டணி'க்காகப் படத் தயாரிப்பாளர்களுக்கு ஒரு வழிகாட்டிப் பிரசுரம் எழுதிக் கொடுத்தார். தொழிலதிபர்களை இழிவாகக் காட்டாதீர்கள், செல்வத்தையும் லாப நோக்கத்தையும் பழிக்காதீர்கள், சாமானியனைத் தெய்வமாக்காதீர்கள் என்பது அதன் சாரம். கதையில் வில்லன் வேண்டும்; முதலாளி வில்லனாகக் கூடாது. பின்னே யார் வில்லன்? மிச்சமிருப்பவன் யார்?

குற்றப் படம் என்றாலே இப்படித்தான் இருக்கும் என்று சொல்கிறவர்கள் 'கிராஸ்ஃபயர்' படத்தைப் பார்க்க வேண்டும். யூதன் என்பதற்காகவே ஒருவனைக் கொன்றுவிட்ட சிப்பாயைத் துப்புத் துலக்கிப் பிடிக்கும் கதை. இன வெறியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய அந்தப் படம் 1947 ஜூலையில் வெளிவந்தது. காசும் வந்தது, கீர்த்தியும் வந்தது. அக்டோபரில் அதன் தயாரிப்பாளர் ஏட்ரியன் ஸ்காட், டைரக்டர் எட்வர்ட் டிமிட்ரிக் இருவரையும் கமிட்டி அழைத்தது. சிறைக்குப் போன பத்துப் பேரில் இவர்கள் இருவரும் அடக்கம். டிமிட்ரிக் பின்பு மனம் மாறி, 1951ல் தோழர்களின் பெயர்களைச் சொல்லிவிட்டு மறுபடியும் வேலை வாங்கிக்கொண்டார். துப்பறியும் கதை கெட்டதல்ல. துப்பறியும் கண்ணாடியை எந்தப் பக்கம் திருப்ப அனுமதிக்கிறார்கள் என்பதே விஷயம்.

கோரிக்கை எங்கே போயிற்று?

அச்சில் வார்த்த படங்களுக்கு வருவோம். கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹியூஸ் 1948ல் ஆர்.கே.ஓ. படக் கம்பெனியைக் கைப்பற்றினார். அடுத்த ஆண்டே 'நான் ஒரு கம்யூனிஸ்டை மணந்தேன்' என்ற படம் தயாராயிற்று. பெயர் எடுபடவில்லை போலும். பின்பு 'பதின்மூன்றாவது துறைமேடைப் பெண்' என்று மாற்றினார்கள். கதை நடப்பது சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில். கதாநாயகன் யார்? கப்பல் கம்பெனியின் உதவித் தலைவர்! இளவயதில் கம்யூனிஸ்டாக இருந்தவர் என்ற பழைய ரகசியத்தை வைத்துக் கட்சிக்காரர்கள் அவரை மிரட்டுகிறார்கள். எதற்கு? துறைமுகத்தில் வேலைநிறுத்தம் மூட்டுவதற்கு. சந்தேகத்துக்கு ஆளான ஒருவனைக் கட்டிக் கடலில் தள்ளிக் கொல்கிறார்கள். ஓர் இளம் தொழிலாளியை மயக்கித் தங்கள் ஊதுகுழலாக்க ஒரு அழகியை ஏவுகிறார்கள்.

கொடுமனத் தலைவன், கூலிக் கொலைகாரன், மயக்கும் மோகினி, மயங்கும் தொழிலாளி. நாலு அச்சும் வரிசையாக வந்து நிற்கின்றன. இவற்றில் முதல் மூன்றைவிட நாலாவது அச்சுத்தான் நம்மைச் சுடுகிறது. தொழிலாளிக்கு மூளை இல்லை. பெண் கண் சிமிட்டினால் வேலைநிறுத்தத்துக்குப் போவான். யாராவது தூண்டினால்தான் பசிகூட அவனுக்குத் தெரியும்! இதுதானே அந்தப் பாத்திரத்தின் பொருள்?

சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் உண்மையில் நடந்தது என்ன? 1934 வரை அங்கே தொழிலாளிகள் விடியற்காலையில் தெருவில் கூடி நிற்பார்கள். மேஸ்திரி வந்து விரலை நீட்டுவான். விரல் காட்டியவனுக்கு அன்றைக்கு வேலை. மற்றவனுக்கு வெறும் வயிறு. மேஸ்திரிக்கு லஞ்சம் கொடுத்தவன் பக்கமே விரல் திரும்பும். இதை எதிர்த்து 1934 மே 9ல் பசிபிக் கடற்கரைத் துறைமுகங்கள் எல்லாம் நின்றன. 83 நாள் போராட்டம். ஜூலை 5ல் போலீஸ் சுட்டது. சான் பிரான்சிஸ்கோவில் இரண்டு பேர் மாண்டார்கள். நகரமே எழுந்தது, நாலு நாள் பொது வேலைநிறுத்தம். முடிவில், தொழிற்சங்கத்தின் ஆள் முறைப்படி வேலை பங்கிடும் வேலைவாய்ப்புக் கூடம் கிடைத்தது. மேஸ்திரியின் விரல் மடங்கியது!

அந்தப் போராட்டத்தின் தலைவர் ஹாரி பிரிட்ஜஸ், ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். அவரைக் கம்யூனிஸ்ட் என்று சொல்லி நாடு கடத்த அமெரிக்க சர்க்கார் வழக்குமேல் வழக்குப் போட்டது. 1945ல் நாடு கடத்தும் உத்தரவை உச்ச நீதிமன்றம் ரத்துச் செய்தது. விட்டார்களா? பொய்ச் சத்தியம் செய்து பிரஜா உரிமை வாங்கினார் என்று 1949ல் மறுபடி கூண்டில் ஏற்றினார்கள். 1953ல் அந்தத் தண்டனையையும் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்த 1949ம் ஆண்டில்தான், அதே ஊர்த் துறைமுகத்தைக் காட்டி, வேலைநிறுத்தத் தலைவன் கொலைகாரன் என்று படம் வருகிறது! விரல் நீட்டும் மேஸ்திரி அந்தப் படத்தில் உண்டா? தெருவில் நின்ற கூட்டம் உண்டா? வேலைநிறுத்தம் உண்டு, வேலைநிறுத்தத்தின் காரணம் மட்டும் இல்லை.

ஹவாய்க் கதையும் இதுவே. 1946ல் அங்கே கரும்புத் தோட்டங்களில் சுமார் 26,000 தொழிலாளிகள் 79 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜப்பானியர், பிலிப்பினோக்கள், போர்த்துக்கீசியர் என்று இன வாரியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தவர்கள் ஒரே சங்கமாக நின்றது தோட்ட முதலாளிகளுக்குப் புது அனுபவம். 1949ல் துறைமுகத் தொழிலாளிகள் இறங்கினார்கள். அமெரிக்க மேற்குக் கரையில் மணிக்கு 1 டாலர் 82 சென்ட் கூலி. அதே சரக்கை ஹவாயில் இறக்குகிறவனுக்கு 1 டாலர் 40 சென்ட். ஒரே மூட்டைக்கு இரண்டு கூலியா என்பதே கேள்வி. ஐந்து மாதத்துக்கு மேல் நடந்தது அந்தப் போராட்டம்.

1950ல் விசாரணைக் கமிட்டி ஹோனலூலுவுக்கே வந்தது. 39 பேர் பதில் சொல்ல மறுத்தார்கள்; அவமதிப்பு வழக்கு வந்தது; 1951ல் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் துறைமுகச் சங்கத் தலைவர் ஜாக் ஹால் உட்பட ஏழு பேரை அரசைக் கவிழ்க்கச் சதி செய்ததாகக் கைது செய்தார்கள். 1953ல் தண்டனை, 1958ல் மேல் நீதிமன்றம் தண்டனையை ரத்துச் செய்தது. கைதுக்கும் தீர்ப்புக்கும் நடுவே, 1952ல், 'பிக் ஜிம் மக்லேன்' வருகிறது. ஹவாய்க் கம்யூனிஸ்டுகள் கொலைகாரர்கள். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வேண்டாம் என்று அரசியல் சட்டம் தரும் உரிமையைக் காட்டி அவர்கள் தப்பி விடுகிறார்கள் என்று படம் முடிகிறது. நீதிபதி தீர்ப்பு எழுதுவதற்கு முன்பே சினிமாக் கொட்டகையில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது! உயிரோடு இருக்கிற மனிதர்களின் கழுத்தில் மாட்டிய சுருக்கு அது. வெறும் பொழுதுபோக்கு என்று எப்படிச் சொல்வது?

திருப்பிப் போட்ட வேஷம்

பிரான்சில் கம்யூனிஸ்டைக் கடத்தல்காரனாக மாற்றினார்கள் என்றோம். இதற்கு நேர் எதிரான வேஷ மாற்றமும் நடக்கப் பார்த்தது.

நியூயார்க்கின் புரூக்ளின் துறைமுகத்தில் கொள்ளைக் கும்பல் சங்கத்தையே கைப்பற்றி வைத்திருந்தது. பீட் பேன்டோ என்ற இளம் தொழிலாளி அதை எதிர்த்துத் தொழிலாளிகளைத் திரட்டினார். 1939 ஜூலையில் ஒரு நாள் வீட்டைவிட்டுப் போனவர் திரும்பவில்லை. 1941 ஜனவரியில் நியூ ஜெர்சியில் ஒரு சுண்ணாம்புக் குழியிலிருந்து அவர் உடலைத் தோண்டியெடுத்தார்கள். அந்தத் துறைமுக வாழ்வை வைத்து நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் 'கொக்கி' என்ற படக் கதை எழுதினார். 1951ல் கொலம்பியா படக் கம்பெனிக்குக் கொண்டு போனார். ஹாலிவுட் சங்கத் தலைவர் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்த ராய் புரூவரின் யோசனைப்படி கம்பெனி ஒரு நிபந்தனை போட்டது: கொள்ளைக்காரர்களைக் கம்யூனிஸ்டுகளாக மாற்று! மில்லர் மறுத்தார். கதையைத் திருப்பி வாங்கிக்கொண்டு நடந்தார்.

பார்த்தீர்களா? இங்கே கொள்ளைக்காரனைக் கம்யூனிஸ்டாக்கச் சொல்கிறார்கள். அங்கே கம்யூனிஸ்டைக் கொள்ளைக்காரனாக்கி ஓட்டுகிறார்கள். உண்மை எது என்ற கேள்வியே எழவில்லை. எந்த ஊரில் எந்தப் பெயர் விலைபோகும் என்பதே கேள்வி.

1954ல் வேறொருவர் எழுத்தில் அந்த நியூயார்க் துறைமுகம் படமாயிற்று. அதுதான் பேர்போன 'ஆன் தி வாட்டர்ஃப்ரண்ட்'. டைரக்டர் எலியா கசான். மில்லரோடு கொலம்பியாவுக்குப் போனவர் அவரே. 1952ல் கமிட்டி முன் பழைய தோழர்களின் பெயர்களைச் சொன்னவரும் அவரே. மார்லன் பிராண்டோவின் நடிப்பு உயர்ந்தது என்பதில் நமக்குத் தகராறில்லை. எட்டு ஆஸ்கார் பரிசும் வந்தது. கொள்ளைக் கும்பல் இருந்ததும் உண்மை. ஆனால் கும்பலால் ஆதாயம் பெற்ற கப்பல் முதலாளி படத்தின் ஓரத்தில் நிழலாக வந்து போகிறான். சங்கம் என்றாலே ரவுடி மடம். விசாரணைக் கமிட்டி முன் சாட்சி சொல்கிறவனே வீரன் என்ற எண்ணம் மனத்தில் பதிகிறது. ஆள்காட்டிக்கு மாலை! பெயர் சொன்னவர் எடுத்த படத்தில் வேறென்ன வரும்?

இத்தனைக்கும் நடுவே ஃபுல்லரின் ஜேப்படிக்காரன் படம் கொஞ்சம் மேல் என்று சொல்லத்தான் வேண்டும். கழுத்துப் பட்டை விற்றுக்கொண்டு, போலீசுக்குத் துப்பும் விற்று, அநாதைப் பிணமாகப் புதைபடக் கூடாதே என்று காசு சேர்க்கும் மோ என்ற கிழவி அதில் வருகிறாள். தெல்மா ரிட்டர் நடித்த அந்தப் பாத்திரம் நெஞ்சை உருக்குகிறது. ஜேப்படிக்காரனும் தேசபக்திப் பேச்சைக் கேட்டு எள்ளி நகையாடுகிறான். அது எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவருக்குப் பிடிக்கவில்லை என்று ஃபுல்லரே பின்பு எழுதினார். ஏழைத் திருடனையும் கிழவியையும் டைரக்டர் நேரில் அறிந்திருந்தார். ஆகவே அவர்கள் மனிதர்களாக வந்தார்கள். கம்யூனிஸ்டை அறியவில்லை, அவன் அச்சாக வந்தான். மோவின் வசனத்தையும் நாலு வரி மாற்றி அவளை வேறொருத்தியாக்க முடியுமா? முடியாது. மனிதருக்கும் அச்சுக்கும் உள்ள பேதம் இதுவே.

நம் கையிலும் அச்சு வேண்டாம்

உளவே நடக்கவில்லை என்று நாம் வாதாடவில்லை. வல்லரசுகள் ஒன்றையொன்று வேவு பார்த்தன, இன்றும் பார்க்கின்றன. வேவு பார்த்தவனைப் பற்றிப் படம் எடுக்கட்டும். கூலி கேட்டவனையும் வேவு பார்த்தவனையும் ஒரே கயிற்றில் கட்டாதே என்கிறோம்.

மறுபக்கத்திலும் அச்சு இல்லாமல் போகவில்லை. 1949ல் சோவியத் நாட்டில் வந்த 'எல்பா நதிச் சந்திப்பு' படத்தில் பத்திரிகைக்காரி வேஷத்தில் அமெரிக்க உளவுக்காரி வருகிறாள். அச்சு யார் பட்டறையில் இருந்தாலும் அச்சுத்தான். பொய்யான தொழிலாளிக்குப் பதில் பொய்யான முதலாளி நமக்கு வேண்டாம். தொழிலாளியின் வழக்குக்குப் பொய்ச் சாட்சி தேவையில்லை.

உண்மைச் சாட்சி எப்படி இருக்கும்? கருப்புப் பட்டியலில் வீழ்ந்தவர்களே அதை எடுத்துக் காட்டினார்கள். நியூ மெக்சிகோவில் துத்தநாகச் சுரங்கத் தொழிலாளிகள் 1950 முதல் 1952 வரை வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆண்கள் மறியல் செய்யக் கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டது. உடனே அவர்களுடைய மனைவிமார்கள் மறியலுக்கு வந்து நின்றார்கள்! அதை வைத்து, சிறை மீண்ட ஹெர்பர்ட் பைபர்மன் 'பூமியின் உப்பு' என்ற படத்தை எடுத்தார். உள்ளூர்ச் சங்கத் தலைவர் ஹுவான் சக்கோனே கதாநாயகன். பெரும்பாலான பாத்திரங்களில் அந்தத் தொழிலாளிகளும் குடும்பத்தாரும் தாங்களே நடித்தார்கள். அதில் வரும் தொழிலாளி தவறு செய்கிறான், மனைவி மறியலுக்குப் போவதைத் தடுக்கிறான், பிறகு கற்றுக்கொள்கிறான். அவன் பொம்மையல்ல, தெய்வமும் அல்ல, மனிதன்.

அந்தப் படத்தை என்ன பாடு படுத்தினார்கள்! கதாநாயகி ரோசவுரா ரெவல்தாசை நடுவில் கைது செய்தார்கள். அவர் மெக்சிகோவுக்குத் திரும்ப நேர்ந்தது. பிலிம் கழுவும் கூடங்கள் மறுத்தன. 1954ல் வெளிவந்தபோது அத்தனை பெரிய அமெரிக்காவில் சுமார் ஒரு டஜன் கொட்டகைகளே இடம் கொடுத்தன. அதே படத்தை 1992ல் நாடு பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் அமெரிக்க அரசின் நூலகம் சேர்த்தது. நாற்பது ஆண்டுக்குப் பிறகு உண்மைக்கு நாற்காலி போட்டார்கள்.

பட்டறை வேலை முடிந்து களைத்து வருகிறவன் கொட்டகைக்குப் போவதை நாம் குறை சொல்லவில்லை. துப்பறியும் படம் பார்க்கட்டும். துரத்தலில் கை தட்டட்டும். வெளியே வரும்போது மூன்று கேள்வி கேட்கட்டும். வில்லனாகக் காட்டப்பட்டவன் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்? அந்தக் கூட்டத்தின் கோரிக்கையைப் படத்தில் ஒரு வாய்கூடச் சொல்லவில்லையே, ஏன்? அவனுக்கு வேறு மதம், வேறு ஜாதி, வேறு நாடு, வேறு கட்சியின் பெயரை வைத்தாலும் இந்தப் படம் இப்படியே ஓடுமா?

கடைசிக் கேள்விக்கு 'ஓடும்' என்று பதில் வந்தால், நாம் பார்த்தது மனிதனையல்ல, அச்சையே. இன்றைக்கு அதில் ஊற்றப்பட்டிருப்பவன் யாரோ ஒருவன். நாளைக்கு ஊற்றப்படப் போகிறவன் நாமாகவும் இருக்கலாம். ஆகவே, வில்லன் விழும்போது கை தட்டுமுன், விழுகிறவன் முகத்தைச் சற்று உற்றுப் பாருங்கள்!